ஒயில் மாற்றிய பின் எரியும் விளக்கு: வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு

"நேற்றுத்தான் ஒயில் மாற்றினோம். இன்று மீற்றர் போர்டில் விளக்கு எரிகின்றது. என்ன செய்வது?" வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பதனால் இந்தக் கேள்வி என்னிடம் வாரத்திற்கு இரண்டு மூன்று தடவையாவது வருகின்றது. கேட்பவர்களில் அநேகமானோர் கடைக்குச் சாமான் ஏற்றும் வேனையோ சிறிய லொறியையோ வைத்திருப்பவர்கள். புடைவைக்கடை, பலசரக்கு, பேக்கரி, கோழி விநியோகம் என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் வாகனம் ஒரு நாள் நின்றால் அன்றைய ஓடர்கள் நிற்கின்றன. அதிலும் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தையே இழுத்துப் பிடித்து ஓட்டியவர்கள் நம்மில் ஏராளம். அந்த எஞ்சின்கள் இப்போது வயதானவை. புதிய வாகனத்தின் விலையைக் கேட்டால் பழையதைக் காப்பாற்றுவதே மேல் என்று தோன்றும். எனவே இந்த விடயத்தைச் சற்று விரிவாக எழுதுகின்றேன்.

தொலைபேசியில் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: விளக்கு என்ன நிறம்?

சிவப்பு நிறத்தில், மூக்கு நீண்ட சிறிய எண்ணெய்க் குவளை போன்ற படம் என்றால் அது ஒயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கான விளக்கு. மஞ்சள் நிறத்தில் எஞ்சின் வடிவம் என்றால் அது 'செக் எஞ்சின்' விளக்கு. ஸ்பேனர் படமோ அல்லது ஒயில் மாற்ற வேண்டிய கிலோமீற்றர் வந்துவிட்டது என்ற நினைவூட்டலோ என்றால் அது வெறும் ஞாபகமூட்டல். சேர்விஸ் செய்தவர் அதைப் பூச்சியத்திற்குக் கொண்டுவர மறந்திருப்பார். அவ்வளவுதான். ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் இந்தச் செய்தி ஜப்பான் எழுத்தில் வருவதால் பலர் வீணாகப் பயப்படுகின்றனர், சிலர் பயப்பட வேண்டியதற்கும் பயப்படாமல் விடுகின்றனர். கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்ப்பது இப்போது ஒரு நிமிட வேலை. சாரதிக்கு இதைக் கற்றுக்கொடுத்து வையுங்கள்.

சிவப்பு விளக்கும் மஞ்சள் விளக்கும் ஒரே தரத்திலானவை அல்ல. மஞ்சள் விளக்கு எரிந்தால் பொதுவாக மெதுவாக ஓட்டிக்கொண்டு கராஜிற்குப் போகலாம். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரைக்கும்கூடப் போகக்கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு

பலரும் நினைப்பது போல இந்த விளக்கு ஒயில் கொஞ்சம் குறையும்போது எரிவதில்லை. எஞ்சினில் பொருத்தப்பட்டுள்ள சிறிய அழுத்த சுவிட்ச் ஒன்றுதான் இதை எரியச் செய்கின்றது. அழுத்தம் ஏறக்குறைய இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகே அது வேலை செய்யும். எனவே விளக்கு எரியும்போதே உள்ளே உலோகமும் உலோகமும் உராயத் தொடங்கியிருக்கும். ஒயில் மாற்றிய உடன் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது, வெறுமையான புதிய பில்டர் நிரம்பும் வரை இரண்டு மூன்று விநாடிகள் இந்த விளக்கு எரிந்து அணைவது இயல்பு. அதற்கு மேலும் எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

ஒயில் மாற்றிய பின் இது எரிவதற்கான காரணங்கள் அதிகமில்லை. சம்ப் நட் சரியாக இறுக்கப்படவில்லை அல்லது பழைய வோஷரே மீண்டும் போடப்பட்டு ஒயில் ஒழுகியிருக்கின்றது, பில்டர் இறுகவில்லை, பழைய ஒயிலை இறக்கிவிட்டுப் புதியதைக் குறைவாக ஊற்றிவிட்டார்கள், அல்லது சுவிட்சின் வயர் கழன்றிருக்கின்றது. இவற்றுள் மிகவும் கெட்டது இரட்டை வளையம். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் றப்பர் வளையம் சில வேளை எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பார்க்காமல் அதன் மேலேயே புதிய பில்டரை முறுக்கினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. நின்ற இடத்தில் ஓடும்போது ஒழுகாது. பாரத்துடன் எஞ்சின் வேகமெடுத்து அழுத்தம் ஏறும்போது ஒரு வளையம் வழுக்கி வெளியே வரும். பிறகு முழு ஒயிலும் வெளியேற அதிக நேரம் எடுக்காது.

இது சம்பந்தமாக ஒரு பிணக்கைத் தீர்த்து வைக்க என்னையும் இன்னும் இருவரையும் அழைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு மொத்தச் சாமான் ஏற்றிச் சென்ற ஒரு டீசல் வேன். முதல் நாள் மாலையில் ஒயில் மாற்றப்பட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. மாவனல்லையைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கின்றது. சாரதி நிறுத்தி, "முதலாளி, சிவப்பு லைட் எரியுது, என்ன செய்ய?" என்று கேட்டிருக்கின்றார். "நேத்துத்தானே தம்பி ஒயில் மாத்தின. ஜும்ஆவுக்கு முந்தி சாமான் எறக்கணும், மெல்லமா ஏறி வாங்க" என்பது பதில். கடுகண்ணாவை ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

முதலாளி சாரதியின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப் போவதாகச் சொன்னார். ஒயில் போட்ட சேர்விஸ் நிலையத்தாரோ தங்கள் இடத்திலிருந்து வாகனம் நன்றாகத்தான் போனது என்றனர். நாங்கள் செய்த நல்ல காரியம், இரு தரப்பாரும் முன்னால் நிற்கும்போது பில்டரைக் கழற்றச் சொன்னதுதான். இரண்டு வளையங்கள் இருந்தன. ஒன்று பிதுங்கி வெளியே வந்திருந்தது. சேர்விஸ் நிலையத்தார் அதன் பிறகு வாதாடவில்லை. ஆனால் விளக்கு எரிந்த இடத்திலேயே நின்றிருந்தால் நட்டம் ஒரு பில்டரும் சில லீற்றர் ஒயிலும்தான். ஏற்றத்தில் ஏறியதால்தான் எஞ்சின் போனது. சாரதியின் தொலைபேசியில் அழைப்பு எடுத்த நேரமும் பேசிய நிமிடங்களும் பதிவாகியிருந்தன. ஆகவே செலவைச் சேர்விஸ் நிலையமும் முதலாளியும் பகிர்ந்துகொள்ள வேண்டும், சாரதி ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று. முதலாளிக்கு அது உடனே ஜீரணமாகவில்லை. இரண்டு நாட்கள் கழித்து ஏற்றுக்கொண்டார்.

சாரதிகளுக்கு நாம் பழக்கியிருப்பது நேரத்திற்குச் சாமானைச் சேர்ப்பதை மட்டுமே. சிவப்பு விளக்கு எரிந்தால் யாரையும் கேட்காமலே நிறுத்தலாம், தாமதத்திற்கு ஏச்சு விழாது என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவைத்த முதலாளிமார் எத்தனை பேர்?

கேடிஎச் வகை டீசல் வேன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. அவற்றின் 1கேடி, 2கேடி எஞ்சின்களில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வோஷர் பழுதானால், எரிந்த வாயு ஒயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கி ஒயிலைத் தார் போலக் கட்டியாக்கும். அந்தக் கட்டிகள் சம்ப்பினுள்ளே ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். டிப் ஸ்டிக்கில் ஒயில் நிறைய இருக்கும், ஆனாலும் சிவப்பு விளக்கு எரியும். டீசலில் புதிய ஒயில் விரைவில் கறுப்பது சாதாரணம். இறக்கிய ஒயிலில் கரித்துண்டுகள் வந்தால் அது சாதாரணமல்ல. சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்க்காமல் புதிய ஒயிலை மட்டும் ஊற்றி அனுப்புவதில் பயனில்லை.

மஞ்சள் விளக்கு

என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எரிவது இதுதான். ஒயில் மாற்றியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பலருக்கு விளங்குவதில்லை. ஒயில் மாற்றும்போது எஞ்சினில் எங்கெல்லாம் கை பட்டது என்று நினைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒயில் ஊற்றும் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டாலோ, டிப் ஸ்டிக்கை முழுமையாக உள்ளே தள்ளாமல் விட்டாலோ பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் இந்த விளக்கு எரியும். எஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு என்பதை எயார் பில்டருக்குப் பக்கத்திலுள்ள சென்சர் அளக்கின்றது. அதற்கேற்பக் கம்பியூட்டர் பெற்றோலை அளந்து விடுகின்றது. மூடி தளர்ந்திருந்தால் அந்த வழியாகப் புகும் காற்று, புகை திரும்பும் குழாயினூடாக, அளவுக் கணக்கில் வராமலே எஞ்சினுக்குள் சேர்கின்றது. புகைக்குழாயிலுள்ள ஒக்சிஜன் சென்சர் இதைக் கண்டுபிடித்துக் காற்று கூடிவிட்டது என்று சொல்லும். கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, முடியாத கட்டத்தில் விளக்கை எரிய விடும். கடைக் கணக்கில் எழுதாமல் சாமான் உள்ளே வந்தால் ஸ்டொக் எப்படிப் பொருந்தாமல் போகுமோ அதே கதைதான்.

எயார் பில்டரை ஊதித் துப்புரவு செய்துவிட்டுப் பெட்டியின் கிளிப்பைச் சரியாகப் போடாமல் விடுவது, அந்தச் சென்சரின் வயர் பிளக்கைக் கழற்றிவிட்டு மாட்ட மறப்பது, பக்கத்திலுள்ள மெல்லிய றப்பர்க் குழாய் கைபட்டுக் கழல்வது எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை. இவை எதற்கும் காசு செலவில்லை. பொனட்டைத் திறந்து, கையால் தொட்டு, அழுத்திப் பார்த்தால் போதும்.

மேற்படி காற்றுக் கசிவு போன்ற கோளாறுகளுக்குப் பெரும்பாலான வாகனங்களில் முதல் ஓட்டத்திலேயே விளக்கு எரியாது. கம்பியூட்டர் முதல் தடவை குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் எரிய விடும். அதனால்தான் ஒயில் மாற்றிய அன்றல்லாமல் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எரிகின்றது. "எங்களிடமிருந்து போகும்போது எரியவில்லையே" என்று சேர்விஸ் நிலையத்தார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவர்களது கை படவில்லை என்று ஆகிவிடாது. அதேபோல மூடியை இறுக்கிய உடனே விளக்கு அணையாது. கோளாறில்லாமல் மூன்று ஓட்டங்கள் முடிந்த பின் தானாகவே அணையும்.

நம் நாட்டில் சேர்விஸ் என்றால் ஒயில் மாற்றத்துடன் எஞ்சினையும் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுவதைச் சேர்த்தே கேட்கின்றோம். பளபளவென்று இருந்தால்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு என்று நினைக்கின்றோம். அந்தத் தண்ணீர் இக்னிஷன் கொயில்களின் அடியில், பிளக் இருக்கும் குழிக்குள் தேங்கினால் ஒரு சிலிண்டர் தவறித் தவறி எரியும். வாகனம் நடுங்கும், ஏற்றத்தில் இழுக்காது, மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னும். மஞ்சள் விளக்கு மின்னினால் மட்டும் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். கொயிலைக் கழற்றி, தண்ணீரை ஊதி வெளியேற்றி உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹைப்ரிட் வாகனம் வைத்திருப்பவர்கள் எஞ்சினுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சேர்விஸுக்கு விடும்போதே சொல்லிவிடுவது உத்தமம்.

அடுத்தது ஒயிலின் தரம். "நம்முடையது சூடான நாடு, தடித்த ஒயில்தான் நல்லது" என்பது நமது வாப்பாமார் காலத்துப் பேச்சு. அக்காலத்து எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 பொருத்தமாகவே இருந்தது. இன்றைய சிறிய பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றிற்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று கைநூலில் எழுதியிருக்கின்றார்கள். முதல் எண் குளிர்ந்த நிலையில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும் இரண்டாவது எண் 100 பாகை வெப்பத்தில் அதன் தடிப்பையும் குறிக்கின்றது. எஞ்சின் சூடான பிறகும் 50 என்பது 20 ஐ விட ஏறக்குறைய இரு மடங்கு தடித்தது. இந்த எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரத்தை முன்பின்னாக மாற்றுவதே ஒயிலின் அழுத்தத்தால்தான். டொயோட்டாவில் விவிடி-ஐ என்று எழுதியிருப்பது இதைத்தான். மெல்லிய துவாரங்களினூடாக ஒயில் விரைந்து ஓடினால்தான் அது கட்டளைப்படி திரும்பும். தடித்த ஒயில் மெதுவாக ஓடுவதால் கம்பியூட்டர் கேட்ட இடத்திற்கும் அது வந்து நின்ற இடத்திற்கும் வித்தியாசம் ஏற்பட்டு விளக்கு எரிகின்றது. சரியான ஒயிலுக்கு மாற்றினாலே பெரும்பாலும் குணமாகும். பழைய எஞ்சின் ஒயில் குடிக்கின்றது என்பதற்காக ஒரு படி தடிப்பானதற்குப் போக வேண்டியிருந்தால் கைநூல் அனுமதிக்கும் எல்லைக்குள் போங்கள்.

கூடுதலாக ஊற்றுவதும் கெடுதிதான். 660 சீசீ எஞ்சின்களுக்குப் பொதுவாக மூன்று லீற்றருக்கும் குறைவாகவே ஒயில் தேவை. கேனில் நான்கு லீற்றர் இருக்கின்றது, மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் ஊற்றுகின்ற பையன்கள் இருக்கின்றார்கள். சுழலும் கிராங்க் அந்த ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்பினால் சரியாக அழுத்த முடியாது. மேலதிக ஒயில் புகை திரும்பும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு நீலப் புகையாக வெளியேறும்; பிளக்குகள் அழுக்காகும். டீசலில் இது இன்னும் ஆபத்து, ஏனெனில் டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரிபொருளாக எடுத்துக் கட்டுப்பாடின்றிச் சுற்றத் தொடங்கலாம். மட்டமான தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடங்கள் பொறுத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். இரு குறிகளுக்கும் இடையில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டக்கூடாது.

ஸ்கேன் செய்யும்போது

இத்தனையும் பார்த்த பிறகும் எரிந்தால் ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். கம்பியூட்டர் ஒரு கோட் இலக்கத்தைக் காட்டும். அதை எழுதி வாங்குங்கள், அழித்துவிட்டு "இப்போது சரி" என்று சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பற்றரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல வாகனங்களில் விளக்கு அணையும். கோளாறு அப்படியே இருக்கும். அது எங்கிருந்தது என்பதற்கான சாட்சியும் அழிந்துவிடும்.

கோட் என்பது பழுதான பாகத்தின் பெயரல்ல. பி0171 என்று வந்தால் காற்று கூடி எரிபொருள் குறைந்த கலவை என்று அர்த்தம், ஒக்சிஜன் சென்சரை மாற்று என்று அர்த்தமல்ல. தளர்ந்த ஒயில் மூடியும் இதே கோடைக் கொடுக்கும். பி0011 வால்வு நேரம் பற்றியது. பி0300 தொடங்கி வருபவை சிலிண்டர் தவறி எரிவதைச் சொல்பவை. சென்சர் விற்பதில் எனக்கு இலாபம்தான். இருந்தும் கோட் எழுதிய துண்டுடன் பஞ்சிகாவத்தைக்கு வந்து நேராகச் சென்சர் கேட்பவர்களிடம், மூடியைப் பார்த்தீர்களா என்று கேட்காமல் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. மின்சாரப் பாகங்களை விற்ற பின் பெரும்பாலான கடைகளில் திருப்பி எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விளக்கு ஒயில் மாற்றிய பின் எரிந்தது என்பதற்காக ஒயில் மாற்றியவர்தான் குற்றவாளி என்று உடனே சண்டைக்குப் போவதும் முறையல்ல. பழைய கொயிலோ சென்சரோ அதே வாரத்தில் தன் ஆயுளை முடித்திருக்கலாம். பில்டர், மூடி, வயர், ஒயில் அளவு ஆகியவற்றை இருவரும் சேர்ந்து நின்று பார்த்த பிறகு பேசினால் பேச்சு சுருங்கிவிடும்.

அதற்கு உங்கள் கையில் பில் இருக்க வேண்டும். சாமான் வாங்கும்போது பில் இல்லாமல் ஒரு மூடை சீனி எடுக்காத நாம், வாகனத்திற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வருகின்றோம். திகதி, கிலோமீற்றர், ஒயிலின் பெயரும் தரமும், எத்தனை லீற்றர், பில்டரின் இலக்கம், சம்ப் வோஷர் புதியதா என்பவை பில்லில் இருக்க வேண்டும். கேனின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். போலி ஒயில் சந்தையில் உலாவுகின்றது. வெறும் கேனைச் சேர்விஸ் நிலையத்தில் விட்டு வராமல் ஓட்டை போட்டு எறிவது, அதே கேனில் வேறு ஒயில் நிரப்பி விற்பதைத் தடுக்கும். கழற்றிய பழைய பில்டரைக் காட்டச் சொல்லி, அதன் றப்பர் வளையம் அதிலேயே இருக்கின்றதா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, சிவப்பு விளக்கு அணைந்ததை உறுதிப்படுத்தி, ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து ஒழுகுகின்றதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மறுநாள் காலையில் சாமான் ஏற்றுவதற்கு முன் டிப் ஸ்டிக்கை இன்னொரு தடவை பார்ப்பது என் பழக்கம்.

பாவித்த வாகனம் வாங்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒன் நிலைக்குத் திருப்பினால் சிவப்பு ஒயில் விளக்கும் மஞ்சள் செக் எஞ்சின் விளக்கும் இரண்டுமே எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாவிட்டால் விளக்கு பழுதாகியிருக்க வேண்டும், அல்லது யாரோ அதை வேண்டுமென்றே மறைத்திருக்க வேண்டும். மீற்றர் போர்டைக் கழற்றியபோது பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்த வாகனத்தை நான் பார்த்திருக்கின்றேன். பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பதற்கு நமது மார்க்கத்தில் இடமில்லை என்பது தெரிந்தவர்தான் அதையும் விற்றிருந்தார். புகைச் சோதனைச் சான்றிதழ் இருக்கின்றதே என்று நம்பிவிடவும் வேண்டாம். விளக்குகள் சரியாக எரிந்து அணைந்தால், அதற்குப் பிறகு ஒரு ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். கோட்கள் அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால் உள்ளக சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று பல ஸ்கேனர்கள் காட்டும். அப்படிக் காட்டினால் முற்பணம் கொடுக்காமல், வாகனத்தை இரண்டு நாட்கள் ஓட்டிவிட்டு மீண்டும் கொண்டுவரும்படி விற்பவரிடம் கேளுங்கள்.